கோப்பின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

தென்கொரியாவின் தேசியக் குழந்தை உரிமை மையத்தின் தலைவருக்கும், அங்கே தத்து ஆவணப் பிரிவில் வேலை பார்க்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறோம். உங்கள் மேசைக்கு வருமுன் யாராவது மொழிபெயர்த்துத்தான் ஆகவேண்டும். உங்களுக்கு இது புதிதில்லை. ஸ்டாக்ஹோமிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் உங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை, குழந்தையிலேயே வெளிநாட்டுக்குத் தத்தாகப் போனதால், கொரியாவில் பிறந்தும் கொரிய மொழி அறியாதவர்கள் எழுதியவை. பெற்றவளுக்கு எழுதும் நாலு வரியைக்கூட மூன்றாம் மனிதரிடம் கொடுத்து மாற்றி வாங்கவேண்டிய நிலை அவர்களுக்கு.

பெற்றவர்களைத் தேடும் அவர்களோடு உடன் நிற்பவர்கள் நாங்கள். கோப்புகளைப் படிக்க உதவுகிறோம், தேதிகளைச் சரிபார்க்கிறோம், மரபணு முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். எங்கே சிக்குகிறது என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறோம்.

2025 ஜூலை 19 முதல் தத்து விவகாரம் அரசின் கைக்கு வந்துவிட்டது. ஹோல்ட், ஈஸ்டர்ன், கொரியா சோஷியல் சர்வீஸ், கொரியா வெல்ஃபேர் சர்வீசஸ் ஆகிய நான்கு தத்து நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகத் தங்கள் அலமாரிகளில் பூட்டி வைத்திருந்த கோப்புகளுக்கு இனி நீங்கள்தான் பொறுப்பு. அதே ஆண்டு அக்டோபர் 1-ல், நாடுகளுக்கிடையிலான தத்தில் குழந்தைகளைக் காக்கும் ஹேக் உடன்படிக்கை உங்கள் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மறுநாள் அதிபர் லீ ஜே-மியுங் தத்துப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். 1998-ல் அதிபர் கிம் தே-ஜுங் தத்துப் பிள்ளைகள் 29 பேரை அதிபர் இல்லமான நீல மாளிகைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டதற்குப் பின் 27 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. இரண்டு மன்னிப்புகளுக்கும் இடையில், ஒருவர் தன் கோப்பைக் கேட்டால் கையில் கிடைக்கும் தாள்களின் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. 2012 முதல் குடும்பத்தைத் தேடித்தரச் சொல்லி அரசிடம் வந்த சுமார் 15,000 பேரில், 2024 வரை உறவினரைச் சந்தித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

உங்கள் நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் சொன்னதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தங்கள் தத்தில் நடந்த தவறுகளைப் பற்றி 11 நாடுகளிலிருந்து 367 பேர் அதனிடம் முறையிட்டார்கள். முதல் கட்டமாக 56 பேரின் உரிமை மீறப்பட்டதாக ஆணையம் ஏற்றது. பெற்றோர் இருந்தும் அநாதை என்று பதிந்தது, ஒருவரின் அடையாளத்தில் இன்னொருவரை அனுப்பியது, சரியான சம்மதம் வாங்காதது, வளர்ப்பவர்களைச் சரியாக விசாரிக்காதது எல்லாம் அதில் இருக்கின்றன. இவை அத்தனையும் தாளில் நடந்த தவறுகள். தாளை வைத்துத்தான் அவற்றைப் பிடிக்கவும் முடியும். அதனால்தான் எங்கள் முதல் கோரிக்கை முழுக் கோப்பு.

எண்பதுகளில் போன ஒரு குழந்தையின் கோப்பில் வழக்கமாக என்னென்ன இருக்கும்? வளர்ப்புப் பெற்றோருக்குப் போன ஆங்கிலச் சமூக வரலாற்றுத் தாள் ஒன்று. நெஞ்சருகே எண் அட்டையைப் பிடித்து எடுத்த புகைப்படம். எடை, உயரம், தடுப்பூசிக் குறிப்பு. குழந்தையைத் தற்காலிகமாக வளர்த்த வளர்ப்புத்தாயின் அறிக்கை. அநாதைப் பதிவேட்டின் நகல், காப்பாளர் நியமனச் சான்று, பயணச் சான்று. இவற்றுக்கு அடியில், பெரும்பாலும் கடைசியில், குழந்தை நிறுவனத்துக்கு வந்தபோது கொரிய மொழியில் கையால் எழுதிய ஒரு சேர்க்கைத் தாள். ஆங்கிலத் தாள் ‘கைவிடப்பட்ட குழந்தை, பெற்றோர் விவரம் இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். சேர்க்கைத் தாளில் தாயின் வயது, படிப்பு, அவள் எத்தனையாவது மகள், எந்த ஊர், எந்த மருத்துவச்சி வீட்டில் பிரசவம், யார் கூட வந்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் பென்சிலால், வேறொரு கையெழுத்தில், இரண்டு ஆண்டு கழித்து யாரோ வந்து விசாரித்துப் போனதாக ஒரு குறிப்பு இருக்கலாம். தேடி வந்தவர் பாட்டியாகக்கூட இருந்திருக்கலாம்.

இந்தத் தாளின் பின்பக்கம் ஒளிநகலில் வருவதே இல்லை.

எனவே முன்பக்கமும் பின்பக்கமும் வண்ணத்தில் நகலெடுங்கள். கருப்பு வெள்ளையில் பென்சில் எழுத்து மறைந்துபோகும். சிவப்பு முத்திரையும் நீல மையும் ஒரே கறுப்பாகி, எது முதலில் எழுதியது, எது பிறகு திருத்தியது என்பது தெரியாது. ஒட்டிய சீட்டைத் தூக்கி அடியில் இருப்பதையும் எடுங்கள். தாள் எண்ணிக்கையைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். விண்ணப்பதாரருக்குக் கொடுத்தது இத்தனை, மறைத்தது இத்தனை, மறைத்ததற்குக் காரணம் இது என்று தனித்தாள் வையுங்கள். கறுப்பு மை பூசிய வரியைப் பார்த்து வாழ்நாளெல்லாம் ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, அந்த வரியில் இருப்பது தாயின் பெயரா, மருத்துவமனையின் பெயரா என்றாவது தெரிந்தால் நல்லது.

அநாதைப் பதிவேடு பற்றித் தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொரியாவில் 2008 வரை ஹோஜொக் என்ற குடும்பப் பதிவேடு இருந்தது. ஒவ்வொருவரும் யாராவது ஒரு குடும்பத் தலைவரின் கீழ் பதிவாகியிருப்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய குழந்தைக்கு அந்தக் குழந்தையையே தலைவராகப் போட்டு, ஒற்றை ஆள் குடும்பமாகப் புதுப் பதிவேடு திறப்பார்கள். தந்தை, தாய் கட்டங்கள் காலி. குடும்பப்பெயரும் பூர்விக ஊரும் நீதிமன்ற அனுமதியில் புதிதாக அமையும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ‘அநாதை’ என்ற சொல்லுக்குத் தந்த வரையறை இதனால் பூர்த்தியாகும். நிறுவனத் தலைவரே காப்பாளராகிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். பெற்றவள் பக்கத்துத் தெருவில் உயிரோடு இருந்தாலும் தாளில் இல்லை. ஆறு மாதக் குழந்தை குடும்பத் தலைவர்! சட்டம் எழுதியவர்களுக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

பழைய பதிவேட்டின் நகலை இன்றும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்குக் கொரியப் பெயரும் பதிவூரும் தெரிந்திருக்க வேண்டும். அவை உங்களிடம் இருக்கும் கோப்பில்தான் இருக்கின்றன. கோப்பைக் கேட்டு விண்ணப்பிக்கும்போதே இந்த நகலையும் இணைத்துக் கொடுத்தால் ஒருவருக்கு ஒரு பயணம் மிச்சம்.

அடையாள மாற்றம் இன்னும் சிக்கலானது. தாள்வேலை முடிந்த குழந்தை இறந்துபோனாலோ, உறவினர் வந்து திருப்பி அழைத்துப் போனாலோ, மறுபடி முதலிலிருந்து தொடங்க மாதக்கணக்காகும். வளர்ப்புப் பெற்றோர் காத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பெயரிலேயே வேறொரு குழந்தை விமானம் ஏறியது. ஐம்பது வயதில் தன் கோப்பைப் பெற்று, அதிலுள்ள தாயைத் தேடிக் கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து அழுது, பிறகு மரபணுப் பரிசோதனை பொருந்தவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது? அந்தத் தாய்க்கு யார் பதில் சொல்வது? சந்திப்புக்கு நாள் குறிக்குமுன் நாங்கள் பார்க்கும் அடையாளங்கள் சில உண்டு. சேர்க்கைப் படத்தில் உள்ள காதும் பயணச் சான்றுப் படத்தில் உள்ள காதும் ஒன்றா? எடைக் குறிப்பில் ஒரு மாதத்தில் குழந்தை திடீரென்று இளைத்திருக்கிறதா? முளைத்த பற்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா? ஒரே தடுப்பூசி இரண்டு முறை போட்டதாக வருகிறதா? இவற்றில் இரண்டு முரண்பட்டால் அந்தக் கோப்பைச் சந்தேகக் கோப்பு என்று குறித்து, அதே மாதத்தில் அதே காப்பகத்திலிருந்து போன மற்றக் கோப்புகளோடு ஒப்பிட வேண்டும். வழக்கு எண்கள் வரிசையாக இருப்பதால் இதைச் செய்ய முடியும். வெளியிலிருக்கும் எங்களால் முடியாது. எல்லாக் கோப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் உங்களால் முடியும்.

அடுத்தது, கோப்பைப் படிக்கும் விதம். தாளைக் கொடுப்பதோடு அலுவலகத்தின் வேலை முடிவதில்லை என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள்.

தாயின் வயது 22 என்று இருந்தால் அது கொரிய வயது. பிறந்த அன்றே ஒன்று, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இன்னொன்று என்று கூடும் கணக்கு. உலகக் கணக்கில் அவளுக்கு 20 அல்லது 21. பிறந்த ஆண்டை நேரே கழித்தால் ஓராண்டு தப்பும், தவறான ஆளைப் போய்க் கேட்டுக்கொண்டிருப்போம். தேதிகள் சந்திர நாள்காட்டியில் எழுதியவையாக இருக்கலாம். சூரியத் தேதியோடு மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரம்வரை வித்தியாசம் வரும். முகவரி பழைய மனை எண் முறையில் இருக்கும். 2014 முதல் உங்கள் நாட்டில் தெருப்பெயர் முறை வந்துவிட்டது. அதற்கு முன்பே பல பகுதிகளின் எல்லையும் பெயரும் மாறிவிட்டன. பெயரோ, ஆங்கில எழுத்தில் அன்று தட்டச்சு செய்தவர் காதில் விழுந்தபடி இருக்கும். ‘யங்’ என்று படிக்கத்தக்க எழுத்து யொங் ஆகவும் இருக்கலாம், யோங் ஆகவும் இருக்கலாம். நம் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதித் திரும்பத் தமிழில் படிப்பவர் படும் பாடுதான். கொரியாவில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் கிம். ஒரு கிம்மை இன்னொரு கிம்மிலிருந்து பிரிக்க உதவுவது பூர்விக ஊரும் சீன எழுத்து வடிவமும்தான். அவை கொரிய மூலத்தில் மட்டுமே இருக்கும்.

எனவே ஒவ்வொரு கோப்போடும் ஒரு பக்க வாசிப்புக் குறிப்பு கொடுங்கள். வயது, தேதி, முகவரி, பெயர் ஆகிய நான்கையும் இன்றைய முறைக்கு மாற்றி எழுதிய குறிப்பு. அனுபவமுள்ள அலுவலர் ஒருவருக்கு இது ஒரு மணி நேர வேலை. தேடுபவருக்கோ பல ஆண்டு மிச்சம்.

பதிவுத் தபாலுக்கு வருவோம்.

இப்போதைய முறையில், பெற்றவர்களின் முகவரி கிடைத்தால் நீங்கள் பதிவுத் தபால் அனுப்புகிறீர்கள். சம்மதம் வந்தால் விவரம் தருகிறீர்கள். பதில் வராவிட்டால் சம்மதம் உறுதிப்படவில்லை என்று பெயரை மறைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. வாசலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1975-ல் 22 வயதில் பெற்றவளுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. பிறகு மணமாகிப் பிள்ளைகள், பேரர்கள். அந்தக் குழந்தையைப் பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. தபால்காரர் மணியடித்துக் கையெழுத்துக் கேட்கிறார். மருமகள் வாங்குகிறாள். அரசு உறை. ‘என்ன இது?’ என்று கேட்கிறாள். கிழவி ‘தெரியாது, தவறி வந்திருக்கும்’ என்கிறாள். உறை திறக்கப்படாமலே அடுப்படி அலமாரியில் கிடக்கிறது. அல்லது அவள் பகலெல்லாம் வயலில், உறை ‘ஆளில்லை’ என்று திரும்புகிறது. அல்லது முகவரி பத்தாண்டு பழையது. மூன்றையும் உங்கள் பதிவேடு ஒரே கட்டத்தில் போடுகிறது. மௌனம் வேறு, மறுப்பு வேறு. உறை திறக்கப்படாதது இரண்டிலும் சேராது.

மாற்று வழிகள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முதல் தொடர்பு, பயிற்சி பெற்ற ஒருவரின் தொலைபேசி அழைப்பாக இருக்கட்டும். எண்ணைப் பெறும் அதிகாரத்தைச் சட்டத்தில் கேளுங்கள். அழைப்பவர் முதலில் ‘தனியாகப் பேச முடியுமா’ என்று மட்டும் கேட்கட்டும். முடியாதென்றால் அவளே திருப்பி அழைக்க ஓர் எண் கொடுக்கட்டும். தபால்தான் வழியென்றால், அரசு முத்திரையில்லாத உறை, பகுதியஞ்சலகத்திலேயே நேரில் வாங்கும் வசதி. மறுத்தாலும், ‘சந்திக்க மாட்டேன், ஆனால் மருத்துவ விவரம் தருகிறேன்’ என்று சொல்ல இடமிருக்கும் ஒரு படிவம். சர்க்கரை, இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய் வீட்டில் இருந்ததா என்ற மூன்று கேள்விக்கு விடை கிடைத்தாலே நாற்பது வயதுக்காரி ஒருத்திக்கு மருத்துவமனையில் பதில் சொல்ல முடியும். இப்போது அந்தக் கட்டத்தில் அவள் ‘தெரியாது’ என்று எழுதுகிறாள், ஒவ்வொரு முறையும்.

மரபணு விஷயத்தில் நீங்கள் செய்த நல்லதைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜனவரி முதல் 14 நாடுகளில் உள்ள 34 கொரியத் தூதரக அலுவலகங்களில் மாதிரி கொடுக்கலாம் என்றாக்கினீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் முதல் பொருத்தம் வந்தது. 44 ஆண்டுக்குப் பின் ஒரு தாயும் மகளும் திரையில் முகம் பார்த்தார்கள். ஆனால் மாதிரி கொடுக்க, பெற்றோர் விவரம் ஏதும் இல்லாதவர் என்ற சான்று வேண்டும். கோப்பில் ஒரு தாயின் பெயர் இருந்தால் தகுதியில்லை. அந்தப் பெயர் இட்டுக்கட்டியதாக இருந்தாலும் தகுதியில்லை! பொய்யாக அநாதையாக்கப்பட்டவருக்கு வாசல் திறந்திருக்கிறது, பொய்யாகத் தாய் ஒட்டப்பட்டவருக்கு மூடியிருக்கிறது. இந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் வெளிநாட்டுத் தத்தில் போன எவரும் மாதிரி கொடுக்கலாம் என்று வையுங்கள்.

தேடுபவர்களுக்கும் ஒன்று: தூதரகத்தில் கொடுக்கும் மாதிரியில் காவல்துறை செய்யும் சோதனையும், தனியார் நிறுவனங்களின் வணிகச் சோதனையும் ஒன்றல்ல. முன்னது சுமார் இருபது மரபணுக் குறியிடங்களைப் பார்க்கும். பெற்றோர்-பிள்ளை உறவுக்கு நம்பகமானது, சித்தப்பா மகனைக் காட்டாது. பின்னது லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கும். தூரத்து உறவையும் காட்டும். இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கு சென்டிமார்கன் என்ற அலகில் வரும். பெற்றோரென்றால் 3,400-க்கு மேல், உடன்பிறந்தவரென்றால் 2,600 ஒட்டி, தாயோ தந்தையோ மட்டும் பொதுவென்றால் 1,750 ஒட்டி, பெரியப்பா சித்தப்பா மக்களென்றால் 870 ஒட்டி. நாற்பது, ஐம்பது வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டாம். கொரியாவுக்குள் இருப்பவர்கள் வணிகச் சோதனை செய்துகொள்வது அரிது. அதனால் வணிகச் சோதனையில் கிடைக்கும் நெருங்கிய பொருத்தம் பெரும்பாலும் இன்னொரு தத்துப் பிள்ளைதான். அக்கா டென்மார்க்கில், தம்பி அமெரிக்காவில் என்று தெரியவருவது இப்படித்தான். 325காம்ரா என்ற தன்னார்வ அமைப்பு 2015 முதல் சோதனைப் பெட்டிகளை வழங்கிவருகிறது. அரசு செய்யவேண்டியதைத் தத்துப் பிள்ளைகளே தொடங்கிய அமைப்பு செய்துகொண்டிருக்கிறது.

ஆவணங்கள் இருக்கும் இடத்தைப் பற்றியும் கவலை உண்டு. கோயாங் நகரில், முன்பு குளிர்பதனக் கிடங்காக இருந்த கட்டிடத்தைத் தற்காலிகக் காப்பகமாக்கியிருக்கிறீர்கள். அறுபதுகளின் மலிவுத் தாளும் கார்பன் நகலும் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், வெப்பத்தில் பொடியும். வெப்ப, ஈர அளவை மாதாமாதம் வெளியிடுங்கள். தத்துப் பிள்ளைகளின் பிரதிநிதிகள் ஆண்டுக்கு இரு முறையாவது உள்ளே வந்து பார்க்கட்டும். மாற்றலின்போது 2025-ல் சுமார் மூன்று மாதம் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தீர்கள். எழுபது வயதுத் தாய்மாருக்கு மூன்று மாதம் நீண்ட காலம். நிரந்தரக் கட்டிடத்துக்கு மறுபடி இடம் மாறும்போது அப்படிச் செய்ய வேண்டாம். கணினியில் ஏற்றிய கோப்புகளைக் கொண்டாவது பணி தொடரட்டும்.

அமெரிக்காவில் குடியுரிமை கிடைக்காமலே வளர்ந்தவர்களின் கோப்புகளுக்கு முன்னுரிமை வேண்டும். தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை தர 2000-ல் வந்த அமெரிக்கச் சட்டம், 2001 பிப்ரவரி 27-ல் 18 வயது நிரம்பியிருந்தவர்களைச் சேர்க்கவில்லை. சட்டப்படிதான் நாட்டுக்குள் வந்தார்கள் என்று காட்ட அவர்களுக்கு வேண்டிய விசா நகல் உங்கள் அலமாரியில் இருக்கலாம். இதில் தாமதம் என்றால் சிலருக்கு நாடு கடத்தல்.

கடைசியாக, சங்கங்களைப் பற்றி. 1986-ல் சுவீடனில் தத்துக் கொரியர் சங்கம் தொடங்கியபோது எந்த அரசும் கூட இல்லை. 1999-ல் வாஷிங்டனில் சுமார் 400 பேர் முதன்முதலாகப் பெருங்கூட்டமாகக் கூடினார்கள். 2004 முதல் சியோலிலேயே கூடினார்கள். 1998-ல் சியோலில் தத்துப் பிள்ளைகளே தொடங்கிய கோல் அமைப்பு வாதாடி, 2011 முதல் இரட்டைக் குடியுரிமை கிடைத்தது. அந்த ஆண்டில், அரசு ‘தத்து நாள்’ என்று கொண்டாடும் மே 11-ஐத் தனித்தாய்மாரும் தத்துப் பிள்ளைகளும் சேர்ந்து தனித்தாய்மார் நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். ஒரே தேதி, ஒரே ஊர், இரண்டு மேடை. தாய்நாட்டுச் சுற்றுலா, கொரிய மரபுடையான ஹன்பொக் உடுத்திப் படம், கிம்ச்சி போடும் வகுப்பு ஆகியவற்றுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்தச் சங்கங்களுக்கு மொழிபெயர்ப்புக்காகக் கொடுங்கள். கிம்ச்சியை அவர்கள் யூடியூப் பார்த்தே போட்டுக்கொள்வார்கள். பெற்றவளோடு முதன்முறை பேசும்போது பக்கத்தில் உட்கார நம்பகமான மொழிபெயர்ப்பாளர் தேவை; ஒரு முறைக்கு மட்டுமல்ல, பிறகு வரும் குறுஞ்செய்திகளுக்கும். பல உறவுகள் முதல் சந்திப்பின் கண்ணீருக்குப் பிறகு, பேச மொழியில்லாமல்தான் அற்றுப்போகின்றன.

தமிழில் ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். இலங்கையிலிருந்து எண்பதுகளில் நெதர்லாந்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போன பிள்ளைகளின் தாள்களிலும் இதே நோய் இருக்கிறது; அங்கே நீதிமன்றத்தில் தாய் என்று வந்து நின்றவளே சில வேளை கூலிக்கு வந்தவள். அந்தப் பிள்ளைகளும் இன்று நாற்பது வயதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொரியத் தத்துப் பிள்ளைகள்தான் அவர்களுக்கு முன்னோடி. உங்கள் அலமாரி திறந்தால் கொழும்பில் உள்ள அலமாரிகளையும் திறக்கச் சொல்லிக் கேட்க ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

பதிலைக் கொரிய மொழியிலேயே அனுப்புங்கள். மறைத்த வரிகள் இருந்தால் எத்தனை என்று எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தத்துப் பிள்ளைகளின் தேடலில் உடன் நிற்பவர்கள்